ஈரூடகத் தாக்குதல் வண்டிகள்: உதிரிபாகங்களும் உருவாக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலில் மிதந்து வந்து கரையேறிச் சண்டை போடும் கவச வண்டிகளைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. பழைய வண்டிக்கு ஸ்பேர் எங்கிருந்து கிடைக்கிறது என்பது ஒன்று. புதிய வண்டி செய்ய ஏன் இத்தனை காலம் ஆகிறது என்பது இன்னொன்று. தனித்தனியாகப் பேசினால் இரண்டும் பாதிதான் புரியும். புது வண்டி வரப்போகிறது என்று சொல்லிப் பழையதன் உதிரிபாகங்களுக்கு ஒதுக்கும் பணம் குறையும். புதுசு தள்ளிப்போகும். பழையது இன்னும் பத்து வருஷம் ஓட வேண்டியிருக்கும். அமெரிக்க மரைன் படையின் ஏஏவி-7 வண்டியின் கதை ஏறக்குறைய இதுதான் என்பது என் கருத்து. அதனால் பல பதில்களில் அதையே உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

மிதக்கும் கவச வண்டி எல்லாமே ஈரூடகத் தாக்குதல் வண்டியா?

இல்லை. சோவியத் பிஎம்பி-2, அமெரிக்க எம்113 எல்லாம் மிதக்கும்தான். ஆனால் அவை ஆற்றையும் ஏரியையும் கடக்கச் செய்தவை. நீரில் டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையை) சுழற்றியே மெல்ல நகரும், பெரிய அலைக்குத் தாங்காது. தாக்குதல் வண்டியின் வேலை வேறு. கப்பலின் வயிற்றிலிருந்து நேராகக் கடலில் இறங்க வேண்டும், சில கிலோமீட்டர் நீந்த வேண்டும், கரையோரத்தில் அலை உடையும் பட்டையைத் தாண்ட வேண்டும், மணலைத் தொட்டதும் நிற்காமல் உள்நாட்டுக்குள் ஓட வேண்டும். ஏஏவி-7 சுமார் 3 மீட்டர் உயரத்தில் உடையும் அலையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு கணம் முழுதாக நீருக்குள் போய் மேலே வரும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அதில் நீர் புகாமல் அடைக்கும் இத்தனை சீல்கள்.

இந்த வண்டி எங்கே தொடங்கியது?

மீட்புப் பணியில். 1920-களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தை அடுத்தடுத்துச் சூறாவளிகள் தாக்கின. படகும் போக முடியாத, லாரியும் போக முடியாத சதுப்பில் மக்கள் சிக்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்து டொனால்ட் ரோப்ளிங் 1930-களில் 'அலிகேட்டர்' என்ற டிராக் வண்டியைச் செய்தார். புரூக்ளின் பாலம் கட்டிய ரோப்ளிங் குடும்பத்தைச் சேர்ந்தவர் இவர். 1937-இல் 'லைஃப்' இதழில் வந்த படக்கட்டுரை மரைன் படையின் கண்ணில் பட்டது. அதிலிருந்து எல்விடி-1 என்ற டிராக் வைத்த இறங்கு வண்டி பிறந்தது.

சும்மா சரக்கு இறக்கும் வண்டியாக இருந்ததைத் தாக்குதல் வண்டியாக மாற்றியது 1943 நவம்பரில் பசிபிக் கடலில் ஜப்பானியருடன் நடந்த தாராவா சண்டை. அங்குள்ள பேஷியோ தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறை மேல் நீர் மட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. சாதாரண இறங்கு படகுகள் பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் தண்ணீரில் நடந்தார்கள். 125 எல்விடிகள் மட்டும் பாறை மேல் ஊர்ந்து கரைக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவை அந்தச் சண்டையிலேயே அழிந்தன. இருந்தாலும் அதற்குப் பிறகு இந்த வண்டி வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. போர் முடிவதற்குள் 18,000-க்கும் மேல் செய்தார்கள்.

அந்தக் காலத்திலேயே உதிரிபாகப் பிரச்சினை இருந்ததா?

இருந்தது. எல்விடி-1-இன் டிராக்கும் தாங்குசட்டமும் உப்புநீரிலும் மணலிலும் சீக்கிரமே தேய்ந்துபோயின. அடுத்து வந்த எல்விடி-2-இல் இரண்டு காரியம் செய்தார்கள். சக்கரங்களுக்கு ரப்பர் முறுக்கில் இயங்கும் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். இன்ஜினையும் இயக்கத் தொகுப்பையும் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் இலகு டாங்கியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது முடிவு அருமையானது. டாங்கிப் படைக்குப் போகும் ஸ்பேர் பெட்டியிலேயே இந்த வண்டிக்கும் பாகம் இருக்கும். இதே யோசனை 1998-இல் மறுபடி வரும், 2018-இலும் வரும்.

ஏஏவி-7 என்பது என்ன வண்டி?

1972 வாக்கில் எல்விடிபி-7 என்ற பெயரில் சேவைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த எல்விடிபி-5 பெட்ரோல் வண்டி, எரிபொருள் தொட்டிகள் தரைத்தட்டுக்கு அடியில். வியட்நாமில் கண்ணிவெடி மேல் ஏறினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் வீரர்கள் உள்ளே உட்காராமல் கூரை மேல் உட்கார்ந்து போனார்கள். எல்விடிபி-7 டீசலுக்கு மாறியது, அலுமினிய உடல், பின்பக்கம் இறங்கு பலகை, இரண்டு நீர்ப்பீச்சு பம்ப். குழுவினர் 3 பேர், ஏறிப்போகும் வீரர்கள் 20-க்கும் மேல். தரையில் மணிக்கு 72 கிலோமீட்டர், நீரில் 13. 1980-களில் புதுப்பித்தபோது ஏஏவி-7ஏ1 என்று பெயர் மாறியது.

செய்தது எஃப்எம்சி என்ற நிறுவனம். பழத்தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் பம்ப் செய்து தொடங்கிய கம்பெனி அது. இரண்டாம் உலகப் போரில் எல்விடி செய்யப் போய்க் கவச வண்டித் தொழிலிலேயே நிலைத்துவிட்டது. அதன் பாதுகாப்புப் பிரிவு யுனைடெட் டிஃபென்ஸ் ஆகி, 2005-இல் பிஏஇ சிஸ்டம்ஸ் கைக்குப் போனது. பழைய பாகங்களின் வரைபடத்தில் ஒரு பெயரும், பெட்டியில் இன்னொரு பெயரும் இருப்பதற்கு இதுதான் காரணம். போலி என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

நீரில் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? பெரிய இன்ஜின் போட்டால் ஆகாதா?

ஆகாது. சாதாரணமாக மிதக்கும் எந்த உடலும் தானே எழுப்பும் அலைக்குள் மாட்டிக்கொள்ளும். வேகம் கூடக்கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் உடலின் நீளத்தை எட்டியதும் மூக்கு மேலே தூக்கி, வால் பள்ளத்தில் உட்காரும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்துக்கும் குதிரைத்திறனைக் கொட்ட வேண்டும். கப்பல் கட்டுபவர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு: நீளத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் அந்த எல்லை மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். ஏஏவி-7-இன் நீளம் 7.9 மீட்டர். போட்டுப் பாருங்கள், 12.6 வரும். வண்டியின் உண்மையான வேகம் 13. இரண்டு பம்புகளும் ஆளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 53,000 லிட்டர் நீரைத் தள்ளியும் அவ்வளவுதான்.

இதைத் தாண்ட ஒரே வழி, வேகப் படகுபோல நீரின் மேல் சறுக்குவது. அமெரிக்கா இஎஃப்வி என்ற புது வண்டியில் அதைத்தான் முயன்றது.

இஎஃப்வி ஏன் தோற்றது?

கரையிலிருந்து ஏவுகணைகள் கப்பலை அடிக்கும் காலம் வந்ததும், கப்பல் சுமார் 25 கடல்மைல் தள்ளி நிற்க வேண்டும் என்று மரைன் படை முடிவு செய்தது. அவ்வளவு தூரத்தை 13 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் உள்ளே இருப்பவர்கள் வாந்தி எடுத்தே சோர்ந்துவிடுவார்கள். அதனால் 20 நாட் வேகத்துக்கு மேல் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) சறுக்கிப் போகும் வண்டி கேட்டார்கள். 1990-களில் ஜெனரல் டைனமிக்ஸ் வடிவமைக்கத் தொடங்கியது.

வேகம் கிடைத்தது. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 35 டன் எடையுள்ள கவசப் பெட்டியைச் சறுக்க வைக்க நீரில் 2,700 குதிரைத்திறன் வேண்டியிருந்தது. தரையில் 850 போதும். முன்னால் விரியும் பலகை, பின்னால் விரியும் பலகை, உள்ளே மடங்கும் சக்கரங்கள், டிராக்கை மூடும் தகடுகள், எல்லாவற்றையும் நகர்த்த ஹைட்ராலிக் குழாய்கள். ஒவ்வொன்றும் உப்புநீரில் அசையும் பாகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீல். 2006-இல் நடந்த சோதனையில் சராசரியாக 4.5 மணி நேரத்துக்கு ஒரு முறை வேலையை நிறுத்தும் அளவுக்குப் பழுதானது. தேவைப்பட்டது 43.5 மணி நேரம்.

2011 ஜனவரியில் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் திட்டத்தை நிறுத்தினார். அதுவரை செலவு சுமார் 300 கோடி டாலர். மிச்சமிருந்த 573 வண்டிகளைச் செய்ய இன்னும் 1,200 கோடி ஆகும் என்று கணக்கு. என் பார்வையில் அந்தப் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் காலம்தான். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் 'புது வண்டி வந்துகொண்டே இருக்கிறது' என்ற நிலையில் பழைய வண்டி ஓடியது.

அந்த இருபது ஆண்டுகளில் பழைய வண்டியை எப்படி ஓட்டினார்கள்?

1998 முதல் ஒரு பெரிய மறுகட்டுமானம் நடந்தது. ஜார்ஜியா மாநில ஆல்பனியிலும் கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவிலும் உள்ள மரைன் படைப் பட்டறைகளில் வண்டிகளைப் பிரித்து மேய்ந்தார்கள். முதலில் டெட்ராய்ட் டீசல், பிறகு கம்மின்ஸ் விடி400 என்று 400 குதிரைத்திறனில் ஓடிய வண்டிக்கு 525 குதிரைத்திறனுள்ள கம்மின்ஸ் விடிஏ-903 வந்தது. கியர்பாக்ஸும் அதற்கேற்ப மாறியது. சஸ்பென்ஷனுக்கு பிராட்லி சண்டை வண்டியின் பாகங்களைத் தழுவினார்கள். பிராட்லியும் அதே 903 குடும்ப இன்ஜினில் ஓடுவதுதான். தரைப்படையிடம் ஆயிரக்கணக்கில் பிராட்லி இருக்கும்வரை பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் தட்டுப்பாடு வராது. எல்விடி-2 காலத்து அதே கணக்கு.

ஆனால் பிராட்லியிடம் இல்லாத பாகங்கள் உண்டு. நீர்ப்பீச்சு பம்ப், அதை ஓட்டும் தண்டு, தண்டு வெளியேறும் இடத்துச் சீல், மேல்மூடிகளின் ரப்பர், கசிவுநீரை இறைக்கும் பில்ஜ் பம்ப். வண்டியை மிதக்க வைக்கும் பாகங்கள் எல்லாமே இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. இந்த வண்டியை வைத்திருப்பவர்களைத் தவிர அவற்றை வாங்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

எந்தப் பாகங்கள் சீக்கிரம் போகின்றன?

எண்ணிக்கையில் அதிகம் போவது டிராக் சார்ந்த பாகங்கள். டிராக் பின்னும் அதன் ரப்பர் புஷ்ஷும் தேயத் தேய டிராக் நீளும். ஓரளவுக்கு இழுத்துக் கட்டலாம், பிறகு ஒரு இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டலாம், அப்புறம் மாற்றியே ஆக வேண்டும். கடற்கரை மணல் ஈரத்தோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி உராயும். சக்கர மையத்தின் சீல் அதற்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். பிரிக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு: மையத்தின் எண்ணெயைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் நீர் உள்ளே போய்விட்டது. எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. சீலையும் மாற்ற வேண்டும், பேரிங்கில் துருப்புள்ளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆபத்தில் முதலிடம் மூடிகளின் ரப்பர் சீல்களுக்கு. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பூட்ஸ் மிதிக்கிறது, பொதி உரசுகிறது. ரப்பர் தட்டையாகி, அமுக்கினால் திரும்ப எழாத நிலைக்கு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கப்பல் வேலையில் பழைய சோதனை ஒன்று உண்டு. சீல் அமரும் இரும்பு விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, மூடியை இறுக்கி மூடித் திறக்க வேண்டும். ரப்பரில் வெள்ளைக் கோடு விட்டுப்போகாமல் சுற்றி வந்திருந்தால் அது சரியாக அமர்கிறது. ஓரிடத்தில் கோடு மங்கினாலோ அறுந்தாலோ நீர் வரும் வாசல் அதுதான். இதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்.

உப்புநீர் அலுமினிய உடலை என்ன செய்யும்?

அலுமினியம் துருப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வண்டியின் உடல் 5083 என்ற மெக்னீசியம் கலந்த அலுமினியம். தனியாக விட்டால் கடல்நீரை நன்றாகவே தாங்கும். பிரச்சினை அதோடு எஃகு போல்ட்டைச் சேர்க்கும்போது வருகிறது. இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகி அலுமினியம் கரையத் தொடங்கும். எஃகு போல்ட் பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றி வெள்ளைப் பொடி உதிரும். போல்ட்டை இழுத்தால் மரையோடு சேர்ந்து கையில் வந்துவிடும். அதற்காகத்தான் பூச்சு, காப்பு வாஷர், தானே கரைந்து மற்றதைக் காக்கும் துத்தநாகக் கட்டி எல்லாம். மாற்றுப் போல்ட் வாங்கும்போது அளவு மட்டும் பார்த்து, எந்தப் பூச்சு என்று பார்க்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் சாதாரணத் தப்பு.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. மெக்னீசியம் அதிகமுள்ள இந்த வகை அலுமினியம் சுமார் 65 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் சூடாகவே இருந்தால் உள்ளமைப்பு மாறி, அழுத்தத்தில் விரிசல் விடும் குணம் வந்துவிடும். இன்ஜின் அறையை ஒட்டிய பகுதிகளில் பற்றவைப்பு வேலைக்கு முன் இதை யோசிக்க வேண்டும். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் கழுவும் வழக்கத்தைச் சலிப்பான வேலை என்று தள்ளிவிடக் கூடாது. மேலே பூட்டிய கூடுதல் கவசத் தகட்டுக்கும் உடலுக்கும் இடையில் தங்கும் உப்புச்சேறுதான் வெளியே தெரியாமல் வேலை செய்யும்.

புத்தம் புது ஓ-ரிங் (வளைய வடிவ ரப்பர் சீல்), பை பிரிக்கவே இல்லை. பயன்படுத்தலாமா?

பையின் மேல் உள்ள தேதியைப் பாருங்கள். ரப்பர் எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் பதப்படுத்தப்பட்டது என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்காது. எண்ணெய்ப் பகுதிகளில் அதிகம் வரும் நைட்ரைல் ரப்பருக்கு விமானத் துறையில் பரவலாகப் பின்பற்றும் கிடங்கு வரம்பு 15 ஆண்டு. சிலிகோன், ஃப்ளூரோகார்பன் வகைகள் அதைவிட நன்றாகத் தாங்கும். வெயில், சூடு, ஓசோன் மூன்றும் நைட்ரைலுக்கு எதிரி. மின்மோட்டார் ஓடும் அறையில் ஓசோன் உண்டாகும் என்பதால் அங்கே சீல் அடுக்கி வைக்கக் கூடாது. தேதியே இல்லாத பை என்றால் என்ன விலைக்குக் கிடைத்தாலும் நீர் புகும் இடத்தில் போடாதீர்கள்.

பாகத்தின் 13 இலக்க எண்ணை எப்படிப் படிப்பது?

இதை நேட்டோ இருப்பு எண் என்பார்கள். நேட்டோவில் இல்லாத பல நாடுகளும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. முதல் 4 இலக்கம் பாகத்தின் வகுப்பு: 2815 என்றால் டீசல் இன்ஜின் சார்ந்தது, 2520 கியர்பாக்ஸ் வகை, 2530 பிரேக், ஸ்டியரிங், அச்சு, டிராக் வகை, 5330 கேஸ்கெட், 5331 ஓ-ரிங். அடுத்த 2 இலக்கம் நாடு: 00, 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 15 இத்தாலி, 33 ஸ்பெயின், 99 பிரிட்டன். கடைசி 7 இலக்கம் வரிசை எண்.

அடிக்கடி குழம்பும் இடம் அந்த நாட்டு எண். அது எங்கே செய்தார்கள் என்பதைச் சொல்லாது, எந்த நாடு முதலில் அந்தப் பாகத்தைப் பதிவு செய்தது என்பதைத்தான் சொல்லும். 01 போட்ட பாகத்தைக் கொரியாவில் செய்திருக்கலாம். யார் செய்தது என்று அறிய உற்பத்தியாளரின் ஐந்து எழுத்துக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். அதோடு, ஒரே இருப்பு எண்ணின் கீழ் பல கம்பெனிகளின் பாக எண்கள் வரும். பாக எண் மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இருப்பு எண் மாறியிருந்தால் மட்டும் நிறுத்திக் கேளுங்கள்.

வகைகளுக்கிடையே பாகங்களை மாற்றிப் போடலாமா?

ஆள் ஏற்றும் வண்டி, கட்டளை வண்டி, மீட்பு வண்டி மூன்றுக்கும் உடலும் ஓட்டமும் பெரும்பாலும் ஒன்றே. மேலே வரும் கிரேன், ரேடியோ, மின்சாரம் வேறு. ஆனால் 1998 மறுகட்டுமானத்துக்கு முந்தையதும் பிந்தையதும் சஸ்பென்ஷனிலும் இயக்கத் தொகுப்பிலும் கலக்காது. வேறு நாட்டுக் கிடங்கிலிருந்து வாங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

செய்த கம்பெனியே அந்தப் பாகத்தை நிறுத்திவிட்டால்?

அதற்கு நான்கைந்து வழிகள், எதுவும் மலிவில்லை. நிறுத்தப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தவுடன் வண்டியின் மிச்ச ஆயுளுக்கும் சேர்த்து ஒரேயடியாக வாங்கி வைப்பது ஒன்று. மிச்ச ஆயுள் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தால் நல்ல வழி. ஏஏவி விஷயத்தில் அதுதான் யாருக்கும் தெரியவில்லை. வரைபட உரிமை படையிடம் இருந்தால் வேறொரு பட்டறையில் செய்யச் சொல்லலாம். இல்லையென்றால் பழைய பாகத்தை அளந்து படம் போட வேண்டும். அளவு கிடைத்துவிடும், ஆனால் உலோகக் கலவையும் வெப்பப் பதமும் அளவுகோலில் தெரியாது. தேய்ந்த பாகத்தை அளந்து தேய்ந்த அளவுக்கே புதுசு செய்தவர்களும் உண்டு. முப்பரிமாண அச்சு, மூடி, கைப்பிடி, தாங்கி மாதிரியான பாகங்களுக்குச் சரி. சுமை தாங்கும் பாகத்துக்குச் சோதனைச் செலவே பெரிதாகிவிடும்.

கடைசியாக, எல்லாரும் செய்வதும் யாரும் பெருமையாகச் சொல்லாததும்: நிற்கும் வண்டியிலிருந்து கழற்றி ஓடும் வண்டியில் போடுவது. அவசரத்துக்கு வேறு வழியே இல்லாமல் போகும். ஆனால் ஒரே வேலை இரண்டு தடவை ஆகிறது, கழற்றும்போது நல்ல சீலும் கிழிகிறது, நிற்கும் வண்டி நிரந்தரமாகவே நின்றுவிடுகிறது.

2020 விபத்துக்குக் காரணம் உதிரிபாகமா?

2020 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவின் சான் கிளமென்ட் தீவை ஒட்டிய கடலில், பயிற்சி முடிந்து கப்பலுக்குத் திரும்பிய ஒரு ஏஏவி 16 பேருடன் மூழ்கியது. 8 மரைன்களும் ஒரு கடற்படை வீரரும் இறந்தார்கள். வண்டி சுமார் 117 மீட்டர் ஆழத்தில் கிடந்தது.

படையின் சொந்த விசாரணையே பல காரணங்களைச் சொன்னது: பயிற்சிக் குறைவு, பாதுகாப்புப் படகு இல்லாதது, வெளியேறும் உத்தரவு தாமதமானது. ஆனால் சங்கிலியின் தொடக்கம் இயந்திரத்தில். அந்தப் படைப்பிரிவுக்கு வந்த வண்டிகளே மோசமான நிலையில் இருந்தவை. மூடிகள், தண்டுகள் வழியாக நீர் கசிந்தது. கசிவு என்பது இந்த வண்டியில் புதிதில்லை, கசிவதைவிட வேகமாகப் பம்ப் இறைத்துவிட்டால் போதும் என்பதுதான் ஏற்பாடு. அன்று கியர்பாக்ஸ் எண்ணெய் இழந்து நின்றுபோனது. ஹைட்ராலிக் பில்ஜ் பம்புகளும் அதோடு போயின. மின்சாரமும் தளர்ந்தது. இருட்டில் வழிகாட்டும் அவசர விளக்குகள் வேலை செய்யவில்லை. நீர் வரத் தொடங்கியதிலிருந்து மூழ்கும்வரை சுமார் 45 நிமிடம் இருந்தது.

ஒரு தனிப் பாகத்தின் மேல் பழி போட்டுவிட முடியாது. ஆனால் பட்டியலைப் பாருங்கள்: சீல், எண்ணெய், பம்ப், விளக்கு. பிராட்லியிடமிருந்து கடன் வாங்க முடியாத பாகங்கள் பாதிக்கு மேல். 2021 டிசம்பரில் அவசரத் தேவை தவிர ஏஏவிகள் நீரில் இறங்கக் கூடாது என்று மரைன் படை முடிவெடுத்தது.

அதற்கு முன் பழைய வண்டியைக் காப்பாற்ற முயற்சியே நடக்கவில்லையா?

நடந்தது. இஎஃப்வி போன பிறகு, வெடியிலிருந்து ஆட்களைக் காக்கும் இருக்கை, புதுக் கவசம், கூடுதல் திறன் எல்லாம் சேர்த்து ஒரு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கினார்கள். 2018-இல் அதையும் நிறுத்தினார்கள். காரணம், ஏசிவி என்ற புது வண்டி தேர்வாகிவிட்டது.

ஏசிவி வண்டிக்கு ஏன் சக்கரம்?

2018 ஜூனில் பிஏஇ சிஸ்டம்ஸும் இத்தாலியின் இவெக்கோவும் சேர்ந்து கொடுத்த 8 சக்கர வண்டி தேர்வானது. இரண்டாண்டில், 2020 நவம்பரில், சேவைக்குத் தயார் என்றார்கள். இந்த வேகத்துக்குக் காரணம், இவெக்கோவின் சூப்பர்ஏவி ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்த வண்டி என்பதே. இன்ஜின், இவெக்கோ லாரிகளில் வரும் கர்சர் குடும்பத்தைச் சேர்ந்த 16 லிட்டர் டீசல், சுமார் 700 குதிரைத்திறன். ஸ்டூவர்ட், பிராட்லி, இப்போது லாரி. கடன் வாங்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

சக்கரத்துக்குப் பராமரிப்பு குறைவு, சாலையில் நீண்ட தூரம் ஓடலாம், ஒரு சக்கரம் வெடியில் போனாலும் நகர முடியும். இயக்கத் தண்டுகள் இரு ஓரமாக ஓடுவதால் அடியை ஆங்கில 'வி' வடிவில் வைக்க முடிகிறது, கண்ணிவெடிக்கு அது நல்லது. 13 வீரர்கள் ஏறலாம். நீரில் வேகம் சுமார் 6 நாட். ஆமாம், 1972-இல் வந்த வண்டியைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான். நீர் வேகத்தை விட்டுக்கொடுத்து மற்றதை வாங்கிக்கொண்டார்கள். இஎஃப்வி அனுபவத்துக்குப் பிறகு அது நியாயமான முடிவு என்றே தோன்றுகிறது. பிரச்சினை இல்லாமலும் இல்லை. 2022 ஜூலையில் கேம்ப் பெண்டில்டனில் பெரிய அலையில் ஒரு ஏசிவி கவிழ்ந்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் அலைப் பட்டையில் பயிற்சியை நிறுத்திவைத்து ஓட்டுநர் பயிற்சியை மாற்றியமைத்தார்கள்.

வேகமாக நீந்தும் வண்டியை யாருமே செய்யவில்லையா?

சீனா செய்தது. அதன் 05 வகை வண்டிகள் முன்பலகை விரித்து நீரில் சறுக்கிப் போகின்றன. அதற்கு விலையாகக் கவசம் மெல்லியது, ஏறும் ஆட்கள் குறைவு. தென்கொரியா 20 கிலோமீட்டருக்கு மேல் நீந்தும் அடுத்த தலைமுறை வண்டியை உருவாக்கிவருகிறது. 2023 செப்டம்பரில் போஹாங் கடலில் அதன் சோதனை வண்டி மூழ்கி 2 பேர் இறந்தார்கள். ஜப்பானும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

அமெரிக்காவே ஏஏவியை விட்டுவிட்டது. இனி ஸ்பேர் யாருக்கு?

2025-இல் அமெரிக்க மரைன் படை ஏஏவிக்கு ஓய்வு கொடுத்தது. ஆனால் ஜப்பான், தைவான், தாய்லாந்து, பிரேசில், ஸ்பெயின், இத்தாலி எல்லாரிடமும் இந்தக் குடும்ப வண்டிகள் இருக்கின்றன. தென்கொரியா உரிமம் வாங்கி உள்நாட்டிலேயே செய்தது, பிலிப்பைன்ஸுக்கு 8 வண்டி விற்கவும் செய்தது. பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் முதல் சில ஆண்டுகள் ஸ்பேர் பெருகும், ஏனென்றால் ஓய்வு பெற்ற வண்டிகளைப் பிரிப்பார்கள். பிறகு உற்பத்தி வரிசைகள் மூடும். விவரமான நாடு பெருகும் காலத்திலேயே பம்பையும் கியர்பாக்ஸையும் வாங்கி அடுக்கும், ரப்பரை மட்டும் அப்போதைக்கப்போது வாங்கும்.

தனியார் இந்தப் பாகங்களை வாங்கலாமா?

போல்ட், பில்டர் போன்ற பொதுப் பாகங்களுக்குத் தடை இருக்காது. கவசம், ஆயுதம் சார்ந்தவை வேறு கதை. அமெரிக்கப் பாகம் ஒவ்வொன்றுக்கும் அழிப்புக் குறியீடு ஒன்று இருக்கும். சிலவற்றை அப்படியே விற்கலாம், சிலவற்றை உருத்தெரியாமல் அழித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். நாட்டை விட்டு அனுப்ப ஆயுத ஏற்றுமதி உரிமம் தனியாக வேண்டும். தரைச் சண்டை வண்டிகள் அமெரிக்க ஆயுதப் பட்டியலின் ஏழாம் பிரிவில் வருகின்றன. ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, எல்லை தாண்டி அனுப்பினால் சிறை வரைக்கும் போகும்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் பாகங்கள் தேயாதுதானே?

தேயாது, ஆனால் கெடும். நிற்கும் வண்டியில் எண்ணெய்ப் படலம் வடிந்து கியர்ப் பற்களும் பேரிங்கும் ஈரக்காற்றுக்கு வெறுமையாக நிற்கும். தண்டுச் சீல் ஒரே இடத்தில் அமுங்கிக் கெட்டியாகி, ஓட்டிய முதல் நாளே கசியும். டீசலில் நீர் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். மூடிகளை இறுக்கிப் பூட்டியே வைத்தால் ரப்பர் தட்டையாகிவிடும், அதனால் தளர்த்தி வைப்பது நல்லது. 2020-இல் அந்தப் பிரிவுக்குக் கிடைத்த வண்டிகளும் நீண்ட நாள் நின்றிருந்தவைதான். நிறுத்தி வைக்கும் வண்டியை மாதம் ஒரு முறையாவது இன்ஜின் சூடேறும்வரை ஓட்டி, முன்னும் பின்னும் நகர்த்தி, பம்புகளை இயக்கிப் பாருங்கள். மீண்டும் கடலில் இறக்குவதற்கு முன் ஆழமில்லாத, அலையில்லாத நீரில் ஆளில்லாமல் மிதக்கவிட்டு, உள்ளே எங்கே ஈரம் தெரிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆளை ஏற்றுங்கள்.